உப்பளத்தில் ரோஜா இதழ்கள்

கூனிமேடு பஸ்ஸில் நின்றபடி போனில் ஒரு அறிவிப்பைப் பார்த்தபோதுதான் அந்த ஆசை பிடித்துக்கொண்டது: ஜப்பானுக்குப் போய் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தலாம், நம்ம ஊர்க் கதையும் சொல்லலாம். நான் பாடம் நடத்தும் வீடியோ ஒன்றை விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டுமாம். மரக்காணத்தில் எனக்குக் கிடைத்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர்.

தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார். மீசைக்கு மட்டும் புதுச் சாயம். யாரைப் படம் எடுத்தாலும் முதலில், “கொஞ்சம் வெக்கப்படும்மா” என்பாராம். என்னிடமும் சொன்னார். உப்புக் குவியல்களுக்கு நடுவே மெதுவாக நடக்கவிட்டு, திரும்பிச் சிரிக்கவைத்தார். பாடம் நடத்தவே விடவில்லை. முடித்துக் கொடுத்த வீடியோவில் உப்பின் மேல் கிராபிக்ஸ் ரோஜா இதழ்கள் கொட்டின.

“அண்ணே, நான் டீச்சர் வேலைக்கு அப்ளை பண்றேன். என்னைப் பொண்ணு பாக்கவா வர்றாங்க?”

“பாத்துட்டு, புடிச்சிருந்தா கூட்டிட்டுப் போவாங்க. அதானம்மா? ரெண்டும் ஒண்ணுதான்.”

கிண்டல் செய்தாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நாளையோடு கெடு முடிகிறது. காலையில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, உப்பள வரப்பில் அவரையே மாணவராக உட்காரவைத்துப் பாடம் நடத்தப் போகிறேன். குறுக்கே குறுக்கே பேசுவார். பேசட்டும், நிஜ வகுப்பு போலவே இருக்கும்.