சாமி அண்டாவும் கழிவுத் தொட்டியும்: பேரையூர் வரை ஒரு வண்டிப் பயணம்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மாசி சிவராத்திரியன்று நடந்ததை எங்கள் பங்காளிகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். கழிப்பறை வைத்த வண்டி கட்ட நினைப்பவர்கள் உண்மையையும் படிக்கட்டும்.

குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் மனைவியால் அரை மணி நேரம்கூட அடக்க முடியாது. எங்கள் குலதெய்வக் கோயிலோ பேரையூரைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. ஒதுங்க மறைவு கிடையாது. மூன்று சிவராத்திரிக்கு அவள் வீட்டிலேயே இருந்தாள். அவளுக்காகத்தான் பழைய பிக்கப்பின் மேல் படுக்கையும் கழிப்பறையுமாக ஓர் அறை கட்டினேன்.

கழிவுத் தொட்டி தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால், உள்ளே நீர் அலையடிக்காமலிருக்கத் தடுப்புத் தகடோடு இருக்க வேண்டும் என்று கப்பலூர்ப் பட்டறையில் படமே வரைந்து கொடுத்தேன். அவர்கள் மொட்டைமாடியில் வைக்கும் கருப்புத் தொட்டியைப் படுக்கவைத்து, வண்டியின் வாலில் இரும்புப் பட்டையால் கட்டிவிட்டார்கள். பிரித்துக் கட்ட நாளில்லை.

காலை ஏழு மணிக்கு மதுரையில் கிளம்பினோம். நாலுவழிச் சாலையில் அறுபதில் வண்டி அசையவே இல்லை. திருமங்கலத்தில் பெரியப்பா மகன், கோயில் பொங்கலுக்கான நாலு பித்தளை அண்டாக்களோடு காத்திருந்தார். உள்ளே வைக்கலாம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது.

"கக்கூஸ் இருக்குற ரூம்புல சாமி அண்டாவா? மேல ஏத்துங்க தம்பி."

கூரைமேல் அண்டா, அண்டாவுக்குள் அரிசி, வெல்லம், தேங்காய். மேலே கனம் ஏறினால் வண்டி சாயும் என்று சொன்னதற்கு, சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்.

கல்லுப்பட்டி தாண்டியதும் ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளத்திலும் கூரை ஒரு பக்கம் இழுக்கும். அது நிமிர்வதற்குள், கசிவு பார்க்க ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து பாதி நிரம்பிய தொட்டி அலையடித்து மறுபக்கம் தள்ளும். வால் கனத்து முன்சக்கரம் தூக்கியதால் ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. கடைசி ஆறு கிலோமீட்டர் மண் பாதை. வேகம் பத்துக்கு மேல் போகவில்லை. உள்ளே அவள் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள்.

கோயிலுக்கு முன்னால் ஓர் ஓடை இறக்கம். பட்டை அறுந்தது. பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிய பெண்களுக்கு எதிரில் தொட்டி விழுந்து பிளந்தது.

அண்டாவை மேலே ஏற்றச் சொன்ன அதே அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கக்கூஸத் தூக்கிக்கிட்டுச் சாமி கும்புட வந்த குடும்பத்த இப்பத்தான்யா பாக்குறேன்."

சிரிப்பு அடங்க நேரமானது. அண்டாக்களை மட்டும் பத்திரமாக இறக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உலை வைத்தார்கள். ஓடையில் கொட்டிய கழிவின்மேல் மண் அள்ளிப் போட ஒருவரும் வரவில்லை, நான்தான் போட்டேன். அவள் கீழே இறங்கவே இல்லை. "திருப்புங்க, போவோம். இனிமே நான் வரல" என்றாள்.

திரும்பும்போது கூரையில் அண்டா இல்லை, வாலில் தொட்டி இல்லை. அதே பள்ளங்கள்தான். வண்டி ஆடவில்லை.

வண்டி கட்டுகிறவர்களுக்கு: தொட்டியைத் தாழ்வாக, அச்சுக்கு முன்னால் வையுங்கள். தடுப்புத் தகட்டை விடாதீர்கள். மண் பாதையில் இறங்கும் முன் தொட்டியை முறையான இடத்தில் காலி செய்யுங்கள். கூரைமேல் எதையும், யார் சொன்னாலும், ஏற்றாதீர்கள்.

தொட்டியை இப்போது வேறிடத்தில் சரியாகக் கட்டிவிட்டேன். வண்டி தயார். அவள்தான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

பெயர் போட்டால் அண்ணனுக்கு உறைக்கும். ஆனால் என் பெயரோடு அவள் குடலும் ஊர்ப்பேச்சாகும். அதனால் பெயரில்லாமலே பதிவிடுகிறேன். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும்.