கொலுவில் வந்த தாதாக்கள்

ஓட்டலில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் கிட்டுசாமி உட்காருவார். நியூஜெர்சி எடிசனில் ரவா தோசை தின்ன வந்த டேட்டாபேஸ் நிர்வாகியைப் பின்னாலிருந்து யார் சுடப்போகிறார்கள் என்று கேட்டால் கோபம் வரும். "ஹேபிட்டுங்க. பின்னாடி யாரு வர்றான்னு தெரியாம எனக்குச் சாப்பாடு இறங்காது" என்பார். இதுவரை வந்தது சட்னியோடு சர்வர்தான்.

மதுவிலக்குக் காலத்து அமெரிக்க தாதாக்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. யார் எந்த ஊரில், எந்தச் சவரக்கடை நாற்காலியில் சுடப்பட்டான் என்பது வரை ஒப்பிப்பார். எல்லாம் சினிமா தந்த ஞானம். சொந்தப் பெண்ணின் பிறந்த தேதிக்கு மட்டும் மனைவி ருக்மிணியைக் கேட்பார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டமாட்டார். அல் கபோனே கடைசியில் வருமான வரியில்தான் மாட்டினான் என்பதால், பிப்ரவரியிலேயே வரி தாக்கல் செய்துவிடுவார்.

"அவங்க ஏரியா ஜனங்கள டச் பண்ணவே மாட்டாங்க. ப்ரொடெக்ட்தான் பண்ணுவாங்க" என்பது அவருடைய சித்தாந்தம். மேனேஜர் மூன்றாம் முறையாக லீவு மறுத்தபோது, கரகரத்த குரலில் "ஓகே, நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு வந்ததை இன்னமும் வீரச்செயலாகச் சொல்லித் திரிகிறார்.

தமிழ்ச் சங்கத்தின் கொலுப் போட்டியில் நான்கு வருடமாக அவருக்கு இரண்டாம் பரிசு. போன வருடம் சேனாபதி வீட்டு ராக்கெட் கொலு ஜெயித்தது. இந்தத் தடவையும் தோற்றால் சங்கத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் செய்தார். மேல் படிகளில் ருக்மிணியின் தசாவதாரம். கீழே, பார்க் வைக்கும் இடத்தில், ஆறு வாரம் தெர்மோகோலில் உழைத்துக் கிட்டுசாமி எழுப்பிய 1920களின் கடைத்தெரு. கோட்டும் தொப்பியுமாக ஏழு களிமண் தாதாக்கள். நடுவில் வழக்கம்போல அரிசி, பருப்போடு செட்டியார் பொம்மை. முன்னால் ஓர் அட்டை: 'எங்கள் தெருவின் காவலர்கள்'.

"அம்பாள் எதிர்ல அடியாளுங்கள நிக்கவெச்சு ஆரத்தி எடுக்கணுமா?" என்று ருக்மிணி கேட்டாள். கலைக்கு எதிர்ப்பு வருவது சகஜம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நடுவர்கள் ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. ஐந்தரைக்கு, கொலு பார்க்க வந்த நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டுத் தெரசா சுண்டலுக்கு வந்தார். எழுபத்தைந்து வயது, இத்தாலியக் குடும்பம். கிட்டுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகைக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பார்? நாற்காலி போட்டு ஒவ்வொரு தாதாவாக அறிமுகப்படுத்தினார். நடுவிலிருக்கும் குண்டு மனிதர் யார் என்று தெரசா கேட்டார். கடைக்காரர், இவர்களின் பாதுகாப்பில் இருக்கிறார் என்றார் இவர்.

தெரசா அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தாத்தாவும் நெவார்க்கில் ரொட்டிக்கடை வைத்திருந்தார் என்றார். அவரையும் இப்படித்தான் சிலர் பாதுகாக்க வந்தார்களாம். வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். கடையோடு அவரையும் கொளுத்திவிட்டார்கள்.

"மாடியில்தான் வீடு. அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. சாகும்வரை, ரொட்டி கருகும் வாசனை வந்தால் தெருவுக்கு ஓடிவிடுவாள்."

பிறகு சுண்டல் நன்றாக இருக்கிறது என்று ருக்மிணியிடம் சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிட்டுசாமி தான் எழுதிவைத்த அட்டையை இன்னொரு முறை படித்தார். அவரை இத்தனை வருடம் கிண்டல் செய்த எனக்கே அப்போது பாவமாக இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. "ஜட்ஜஸ் வந்துட்டாங்க" என்றாள் ருக்மிணி. கிட்டுசாமி மண்டியிட்டு, ஏழு தாதாக்களையும் ஒவ்வொருவராகப் பிடுங்கி ஜிப்பாப் பைகளில் திணித்தார். அட்டையை நாலாகக் கிழித்தார். வெறும் தெருவில் செட்டியாரை மட்டும் விட்டுவிட்டு, உப்பிய பைகளோடு போய்க் கதவைத் திறந்தார்.