இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்று திதிக்கு வந்திருக்கும் உங்களில் பலருடைய வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர்தான் சாமியானாவும் நாற்காலியும் பாத்திரமும் கொண்டுவந்து இறக்கினார். அதனால் அவருடைய வண்டியை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நினைவு மலரில் இதெல்லாம் எழுதலாமா என்று இப்போதும் தயக்கமாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பாலசமுத்திரத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடது கால் சூம்பிப்போனது. நைனா நிலத்தை விட்டுவிட்டுப் புத்தூருக்குக் குடிவந்ததே அந்தக் காலுக்காகத்தான் என்பார் அம்மா. எலும்பு முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ கட்டுப் போட வரும் ஊராயிற்றே, இதற்கும் ஏதாவது வழி இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். வழி இருக்கவில்லை. "ஊரான் காலெல்லாம் இங்க வந்து கட்டு போட்டுக்கினு நடந்து போவுது. உள்ளூர்க்காரி என் காலு மட்டும் எனக்கென்னன்னு கீது பாரு" என்று சொல்லி அக்கா சிரிப்பார்.

நைனா காலமான பிறகு அவருடைய வாடகைச் சாமான் கடையை அக்கா எடுத்து நடத்தினார். என்னைப் படிக்கவைத்ததும், திருப்பதியில் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கடை வருமானத்தில்தான். முகூர்த்த நாளில் டிரைவர் வராமல் போனால் அக்கா படும் பாடு கொஞ்சமல்ல. அப்படி இருக்கும்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய பிக்கப் வண்டி விலைக்கு வந்தது. ஆட்டோமேட்டிக் கியர், கிளட்ச் கிடையாது. அக்கா அதை வாங்கிவிட்டு, சித்தூருக்கு அலைந்து லைசென்ஸும் எடுத்தார். "இதுல எடது காலுக்கு வேலையே இல்லடி. என்னைப் பாத்துதான் செஞ்சிருக்கான்" என்றார். எங்கே போவதானாலும் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று வாசலில் காத்திருந்தவர், அதன் பிறகு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நான் பிரசவத்துக்குப் புத்தூர் வந்து, மகள் கைக்குழந்தையாக இருந்த சமயத்தில் அந்த வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. காலையில் நன்றாக ஓடும். சூடேறிவிட்டால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறாமல் இன்ஜின் மட்டும் கத்தும். பிறகு முதுகில் குத்தியதுபோல ஒரு உதறலோடு மாறும். ரிவர்ஸ் போட்டால் யோசித்து யோசித்துத்தான் நகரும். நாராயணவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றிப் போனபோது, கோயில் தெருவில் ஆட்களை வைத்துத் தள்ள வேண்டியதாயிற்று.

எங்கள் மெக்கானிக் ரமணா அண்ணன் வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார்.

"ஆயிலு ஃபுல்லா கீது அக்கா. அப்போ கியர் பாக்ஸே போயிந்தி. இதுக்கு சாமான் எங்க கெடைக்கும்? பேசாம கிளட்ச் வச்ச சாதா கியர் பாக்ஸ் மாத்திடலாம். வண்டி குதிரையாட்டம் ஓடும்."

"வண்டி ஓடும் ரமணா. நானு?"

அவர் அக்காவின் காலைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"டிரைவர் போட்டுக்கலாம் அண்ணி. இனிமே நீங்க ஏன் கஷ்டப்படணும்?" என்று என் கணவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா ஓடாத வண்டியில் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா தட்டோடு பக்கத்தில் நின்று, "ஒரு வாய் துன்னுட்டு உக்காரும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கேஸை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பவள், தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்பவள். பாலூட்டிக்கொண்டே போனில் தேடித் தேடிப் படித்தேன். இந்த மாதிரி கியருக்கு ஆயில் அளவை வண்டி சூடான பிறகு, சமதரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். நிறுத்திவிட்டால் மேலே சுற்றும் ஆயில் கீழே இறங்கி, குறைவாக இருப்பதும் நிறைவாகத் தெரியுமாம். படித்தேனே தவிர, அதைச் சொல்லப் பயம். தப்பாக இருந்து இருப்பதும் கெட்டுவிட்டால்? கடைசியில் சொன்னேன்.

"இன்ஜின் ஆயிலு மாதிரி நிறுத்திட்டுதாம்மா பாத்தேன். ஓடசொல்லவா பாப்பாங்க?" என்று, இன்ஜின் ஓடும்போதே பார்ப்பதா என்ற வியப்பில் ரமணா அண்ணன் சிரித்தார்.

"பாத்துடலாம் வா. பாத்தா என்ன, கொறஞ்சா பூடுவோம்?" என்று அக்கா எழுந்தார்.

ரைஸ் மில்லின் சிமெண்ட் களத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தார்கள்.

"அக்கா, முந்தானைய சொருவிக்கோ, ஃபேன் சுத்துது."

"நீ கொழந்தய பாரு. ஃபேன நான் பாத்துக்கறேன்."

குச்சியின் நுனியில் மட்டும் ஆயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் துணியில் துடைத்து மோந்து பார்த்தார். "செவப்பாத்தான் கீது. கருகின வாடை இல்ல." உள்ளே இருக்கும் பிளேட்டுகள் எரிந்திருந்தால் வாடை வந்திருக்கும் என்று ரமணா அண்ணனே சொன்னார். பிறகு வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்தார். ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் குழாயின் இணைப்பில், மண் அப்பியிருந்த இடத்தில், இன்ஜின் ஓடும்போது மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. "தேவுடா! இவ்ளோதானா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

குழாயை மாற்றி, திருப்பதியிலிருந்து அந்த வண்டிக்கான ஆயிலை வரவழைத்து ஊற்றினார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குச் சாமான் ஏற்றி அக்காவே ஓட்டினார். பக்கத்தில் மடியில் குழந்தையோடு நான்.

"மூணாவது மாறிச்சா அக்கா?"

"அது எப்பவோ மாறிடுச்சு. மாறறது தெரியக்கூடாதுடி, அதான் கியரு."

அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

பின்னர் அக்காவுக்கு வந்த நோய்க்கு இப்படி எந்த வழியும் கிடைக்கவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன்! இன்னும் ஒருவரைக் கேட்டிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னைக் கேட்டது இதுதான்: "வண்டிக்கு ஆயிலு பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நிறுத்தியா, ஓடசொல்லவா?"

"ஓடசொல்லதான்."

"ம். பொழைச்சிக்குவே" என்றார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவோடு மாறி மாறித் துணையிருந்த அக்கம்பக்கத்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், இறுதிக் காரியத்தைத் தங்கள் வீட்டுக் காரியமாக நடத்திய பங்காளிகளுக்கும், நாற்காலி போட ஆளில்லாமல் நாங்கள் நின்றபோது தாமாகவே வந்து எங்கள் கடை நாற்காலிகளை விரித்துப் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா போன பிறகு, இனி யார் ஓட்டப்போகிறார்கள், கிளட்ச் வண்டியாக மாற்றிவிடலாம் என்று மறுபடி பேச்சு வந்தது. நான் சம்மதிக்கவில்லை. ரமணா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். "எடது கால நீட்டாதம்மா, பிரேக்கு மேல போவுது" என்று அவருக்குச் சொல்லி மாளவில்லை.

போன மாதம் எங்களைப் பார்க்க ரயிலில் வந்தவர்களைப் புத்தூர் ஸ்டேஷனிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். பானட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஏன் வீணாக ஓடவிட்டிருந்தேன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இப்போதெல்லாம் இடது காலை ஓரமாக, அக்கா வைத்துக்கொள்ளும் அதே இடத்தில் மடக்கி வைத்துக்கொள்கிறேன். வண்டி நன்றாகப் போகிறது.