அண்ணன் கல்லில் ஒரு பழைய வார்த்தை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். அதிலும் படித்த மடையன். காட்டூரில் தன் வீட்டில் உட்கார்ந்து சாயங்கால டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணியை, கருங்கல்லில், அவர் ஒரு மிச்சம் என்று வெட்டி வைத்தவன் நான்தான். அதுவும் இங்கிலீஷில். அதுவும் தங்க நிறப் பெயின்ட்டில்.

அண்ணன் இந்த வருடம் வெயில் காலத்தில் போனார். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில், நவம்பரில் கல்லறைத் திருநாள் வருவதற்குள் கல் நட்டுவிட வேண்டும் என்பார்கள். அன்றைக்குப் பங்குக் கோயில் ஜனமே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது, நம் வீட்டு ஆள் மட்டும் வெறும் மண்மேட்டின் கீழ் கிடந்தால் பேச்சு வரும். இன்னொரு வழக்கமும் உண்டு. புருஷன் போனால் அவர் பெயருக்குக் கீழே பெண்டாட்டியின் பெயரையும் கையோடு வெட்டிவிடுவார்கள். பிறந்த தேதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெறும் இடம். நாள் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். தன் பெயர் வெட்டிய கல்லைத் தானே துடைத்து, பூ வைத்து, வீட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுகிற ஜனம் நாங்கள்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அதனால் கல் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே பாய்ந்து பிடித்தேன். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவன். பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் அகராதி. பாராட்டா, திட்டா என்று நான் விசாரித்துக்கொள்ளவில்லை.

அண்ணனின் கல்லுக்கு நான் எடுத்து வைத்திருந்த வார்த்தை ‘ரெலிக்ட்’. ஊருக்குள் கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களைப் புதைத்த பழைய தோட்டம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு, நிழலுக்காக உள்ளே நுழைந்தேன். காய்ச்சலில் செத்த யாரோ ஒரு பட்டாளத்து அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி, ‘இன்னாரின் ரெலிக்ட்’. விதவை என்பதை அந்தக் காலத்து இங்கிலீஷில் அப்படித்தான் கௌரவமாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இங்கிலாந்திலேயே எவனும் தன் அம்மாவை அப்படிச் சொல்ல மாட்டான். நான் மயங்கிவிட்டேன். வழக்கொழிந்த வார்த்தை என்றால் எனக்கு அனாதைக் குழந்தையைப் பார்த்த மாதிரி. வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். அதற்குச் சோறு போடுவது மற்றவர்கள் பாடு.

கல் வெட்டுகிறவர் நல்ல மனிதர். தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“சார், எல்லாரும் ‘பிலவ்ட் வைஃப்’னுதான் போடுவாங்க. என்கிட்ட அச்சே ரெடியா இருக்கு.”

“எல்லாரும் போடுறதை நாமளும் போடணுமா?”

“அதுக்கில்ல சார். வர்றவங்க நின்னு படிச்சா புரியணுமே.”

“புரியாட்டி என்னைக் கேக்கட்டும்” என்றேன். யாராவது கேட்க மாட்டார்களா என்ற ஆசைதான் அந்தக் கல்லுக்கே அஸ்திவாரம்.

திருநாளுக்குச் சில நாள் முன்பு கல் நட்டார்கள். ஆட்டோ வைத்து அண்ணியை அழைத்துப் போனேன். அண்ணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிமிஷத்துக்குக் காசு எண்ணுகிற அந்தக் காலத்து டிரங்க் கால் பழக்கம், யாரிடமும் நீட்டிப் பேச மாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

“இது என்ன வார்த்தை, தம்பி?”

கேட்டுவிட்டார். நான் தொடங்கினேன். லத்தீன் மூலம், ‘பின்னால் விட்டுப்போனது’ என்று பொருள். புனிதர்களின் எலும்பைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோமே, அந்த ‘ரெலிக்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர். அப்புறம் உயில்களிலும் கல்லறைகளிலும் புருஷன் விட்டுப்போன மனைவி. அப்புறம் வக்கீல்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆறு பின்வாங்கினால் வெளியே தெரிகிற நிலம். கடைசியாகத் தாவரம் படிக்கிறவர்கள். தன் இனமெல்லாம் அழிந்தும் எங்கேயோ ஒரு மூலையில் நிற்கிற செடி. எலும்பு, மனைவி, மணல், செடி என்று ஒரு சொல் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது பாருங்கள் அண்ணி என்று முடித்தேன். அண்ணனின் மண் இன்னும் முழுதாக இறுகவில்லை. அதன் ஓரத்தில் செருப்புக் காலோடு நின்றுதான் இந்தப் பாடத்தை நடத்தினேன்.

“அப்ப நான் மிச்சம்.”

“அப்படி இல்ல அண்ணி. அது ரொம்ப மரியாதையான...”

“உங்க வீட்டம்மா போனப்ப உங்களுக்கு என்ன போட்டாங்க?”

என் மனைவியின் கல் இரண்டு வரிசை தள்ளித்தான் இருக்கிறது. அதில் அவள் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. பெயரோடு எம்.ஏ., பி.எட். என்று என் பட்டங்களும் இருக்கின்றன. அவள் சாவில் என் டிகிரியை வெட்டி வைத்தவன் நான். ‘ரெலிக்ட்’ ஆண்களுக்கு ஏறக்குறைய வழங்கவே இல்லை என்ற தகவலும் என் வாய் நுனியில் இருந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

அண்ணி பையிலிருந்த பூவை அண்ணன் பெயர் மேல் மட்டும் வைத்தார். ஆட்டோவில் ஏறும்போது, “திருநாளுக்கு நான் வரல. நீங்க போய்க் கொளுத்திட்டு வந்துருங்க” என்றார். இந்தக் குடும்பத்தில் கல்லறைத் திருநாளுக்கு வராத ஆள் செத்த ஆள்தான். அண்ணனுக்கு முதல் திருநாள் வேறு.

அன்றைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தேன். கொள்ளிடம் பக்கம் என் குடியிருப்பு. கட்டடத்திலேயே டிசம்பரில் ஸ்டார் கட்டுகிற ஒரே வீடு என்னுடையது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கொள்ளிடத்தில் கண்ணுக்கெட்டிய வரை மணல். தண்ணீர் எங்கோ ஒரு ஓரத்தில், கழுவிவிட்ட தட்டின் ஈரம் மாதிரி. வக்கீல்களின் அர்த்தம் என் எதிரிலேயே படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்து ரசிக்கக்கூட முடியவில்லை. மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் எனக்குக் காட்டூர்தான். அண்ணி மீன் குழம்பு வைப்பார், அண்ணன் தூங்குவார், நான் பேசுவேன். என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது அவர் ஒருவர்தான். அந்த ஒருவரைத்தான் கல்லில் ஏற்றிக் கோடு போட்டு, தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். துணியை மடித்தேன். ஒரு ஆளின் துணி, சீக்கிரம் முடிந்துவிட்டது.

மறுநாள் கல் கடைக்கு ஓடினேன்.

“அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துரலாமா?”

“கல்லுல டெலீட் கிடையாது சார்.” பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கினார். “மக்குப் பசை வச்சு அடைச்சுக் கறுப்பு அடிக்கலாம். வெயில்ல பார்த்தா தழும்பு மாதிரி தெரியும்.”

தழும்பு வேண்டாம் என்றேன். புதுக் கல்லே போடுவோம், பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். திருநாளுக்கு முந்தின சாயங்காலத்துக்குள் நட்டுவிடுவதாகச் சொன்னார். “அந்த இடத்துல என்ன வார்த்தை சார்? இப்பவே சொன்னாத்தான் முடியும்” என்றார். முதல் தடவையாக ஒரு வார்த்தையும் தோன்றாமல் நின்றேன். கேட்டு வருகிறேன் என்று காட்டூருக்கு பஸ் ஏறினேன்.

போகிற வழியெல்லாம் வார்த்தை தேடினேன். ‘பிலவ்ட்’ கல் கடையின் அச்சு. ‘துணைவி’ கல்யாணப் பத்திரிகை. ‘கைம்பெண்’ என்று யோசித்த என்னை நானே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

அண்ணி முன்னறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் நாற்காலியில் செய்தித்தாள் பிரிக்காமல் கிடந்தது. யாரும் படிக்காவிட்டாலும் நிறுத்தச் சொல்லவில்லை போல. நான் அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, புதுக் கல் போடச் சொல்லிவிட்டேன், அந்த வார்த்தை இருக்காது என்றேன். அவர் தலையை அசைத்தார், பூண்டை நிறுத்தவில்லை. திருநாளுக்கு வருவீர்களா என்று கேட்கத் தைரியம் இல்லாமல் வேறு ஒன்றைக் கேட்டேன்.

“அண்ணி, உங்க பேருக்குப் பக்கத்துல என்ன போடச் சொல்லட்டும்?”

“எனக்கு எதுவும் வேணாம் தம்பி, நான் இன்னும் வீட்லதான் இருக்கேன்.”