கோயிலுக்கா, பன்னிக்கா

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊர்ச் சாமி வருஷத்துக்கு ஒரு நாள் வேட்டைக்குப் போகும். மாட்டுப்பொங்கலை நாங்கள் கனுமா என்போம், அன்று சாயங்காலம் பல்லக்கு ஏரிக்கரைக்கு வரும். அங்கே ஒரு துப்பாக்கி ஒரே ஒரு தடவை வெடிக்கும். வேட்டை முடிந்தது என்று சாமி திரும்பிவிடும். எந்த மிருகமும் சாவதில்லை. குண்டே போடுவதில்லை, வெறும் மருந்துதான். அந்த ஒரு சத்தத்துக்காக எங்கள் ஊர் ஆண்கள் வருஷம் முழுவதும் மீசையை முறுக்குவார்கள்.

வெடிக்கும் முறை, நிலம் உள்ள வீடுகளுக்கு மட்டும்தான். அப்படி இருந்தது நெடுங்காலமாக ஒரே வீடு, பெரிய வீடு. மற்றவர்கள் அவர்கள் நிலத்தில் கூலி செய்தார்கள். என் நைனாவும் செய்தார். பிறகு பிச்சாட்டூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். பட்டா கைக்கு வந்து, இரண்டு தடவை வேர்க்கடலையும் எடுத்தோம். போன கனுமாவுக்கு முறை எங்களுக்கு வந்தது. தானாக வரவில்லை. கோயில் கூட்டத்தில் நான் எழுந்து, பட்டா நகலை மேசைமேல் வைத்து ஆபீஸ் தெலுங்கில் பேசினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கி, ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். என்னை எதிர்த்துப் பேச அன்று அங்கே யாருக்கும் தெலுங்கு போதவில்லை.

பெரிய வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். "முறை எடுத்துக்கோங்க. ஆனா மூணு தடவ குதிரை விழுந்தும் வெடிக்கலன்னா, முறை திரும்ப எங்க வீட்டுக்கு. அது பழைய கட்டுப்பாடு."

அந்தப் பழைய கட்டுப்பாட்டை அன்றைக்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை.

குதிரை என்றால் துப்பாக்கிக் குதிரை. அதன் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்தால் கல் இரும்பில் மோதி, பொறி பக்கத்துச் சின்னக் கிண்ணத்தில் விழும். கிண்ணத்தில் இருக்கும் சிட்டிகை மருந்து பற்றி, ஒரு துளை வழியாக நெருப்பு உள்ளே போய், குழலில் இருக்கும் மருந்தைக் கொளுத்த வேண்டும். மண்டல ஆபீசில் மனு நகர்வதும் இப்படித்தான். கிண்ணத்தில் இருப்பவன் மசியாவிட்டால் உள்ளே இருப்பவனுக்குத் தகவலே போகாது.

ஆகவே எல்லாம் மருந்தில் இருக்கிறது. முறைக்கார வீடுதான் மருந்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது வழக்கம். "நீ படிச்சவ, நீயே பாத்து வாங்கினு வந்துடும்மா" என்றார் நைனா.

நான் ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். நரித்தோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் மரத்தடியில் நின்று மணிக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். ஒரு எஃப் போட்ட மருந்து பெரிய குருணை, நான்கு எஃப் போட்டது மாவு போலப் பொடி. குழலுக்குக் கொஞ்சம் பெருசு, கிண்ணத்துக்கு நைசு. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, வீட்டில் எல்லாருக்கும் விளக்கினேன். நைனா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

துப்பாக்கி லைசென்ஸ் கோயில் தர்மகர்த்தா பெயரில் இருந்தது. தர்மகர்த்தா யார் என்று சொல்லவும் வேண்டுமா? மருந்து வாங்க அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் காரிலேயே திருப்பதிக்குப் போனோம். ஊரில் எல்லாரும் அவரை ஐயா என்பார்கள். நான் சார் என்பேன். ஒவ்வொரு சாருக்கும் அவர் கண்ணாடியை ஒரு தடவை சரிசெய்துகொள்வார்.

கடைக்காரர் வயதானவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். "ஏம் காவாலி பாப்பா, என்ன வேணும்?" என்று கேட்டார்.

நான் நோட்டைத் திறந்தேன். "குழலுக்கு மூணு எஃப், கிண்ணத்துக்கு நாலு எஃப்."

"எஃப்பா? அதெல்லாம் நமக்குத் தெலீதும்மா. இங்க ரெண்டே டப்பாதான் கீது. கோயிலுக்கா, பன்னிக்கா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வீட்டுக் கடலைக்கொல்லையில் காட்டுப்பன்னி விரட்டுவதுதான் நைனாவுக்குப் பல வருஷம் வேலை. ஊரில் அவர் பெயரே பன்னிக்காவல். பள்ளிக்கூடத்தில் நான் பன்னிக்காவல் மகள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோதும் வாத்தியார் அப்படித்தான் கூப்பிட்டார்.

பக்கத்தில் பெரிய வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"கோயிலுக்கு" என்றேன். கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி.

கடைக்காரர் டப்பாவை எடுத்தார். நான் திறந்து பார்க்கவில்லை. பெரிய வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "மஞ்சிதி" என்றார். நல்லது என்று அர்த்தம். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் நைனா கொஞ்சம் மருந்தை உள்ளங்கையில் கொட்டி விரலால் உருட்டினார். கடுகு கடுகாக இருந்தது. திரும்ப டப்பாவில் போட்டார்.

மறுநாள் ஏரிக்கரையில் ஒத்திகை பார்த்தோம். குதிரை விழுந்தது, பொறி பறந்தது, கிண்ணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை உஸ் என்று புகைந்தது. நைனா அசையாமல் தண்ணீரைக் குறிபார்த்தபடியே நின்றார். ஒரு மூச்சு விட்டு முடிக்கும் நேரம் கழித்துத் துப்பாக்கி தொப்பென்று ஒரு சத்தம் போட்டது.

"ஏப்பம் விடுது" என்றார் நைனா.

"மருந்து சரியில்லையா?"

"மருந்து நல்ல மருந்துதான். திருவிழாவுல இரும்புக் குழாய்ல இடிச்சி வேட்டுப் போடுவாங்களே, அதுக்கு. அதத்தான் கோயில் மருந்துன்னுவாங்க. துப்பாக்கிக்குப் போடறது பன்னி மருந்து."

"பாத்தப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஏன் நைனா சொல்லல?"

"நீதான் எஃப்பு எஃப்புன்னு சொல்லிக்கினு இருந்தியே. இது அதுல எந்த எஃப்போன்னு உட்டுட்டேன்."

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் நான்கு எஃப்பும் தப்பில்லை. நைசான மருந்துதான் வேண்டும் என்று நோட்டிலேயே இருந்தது. கடையில் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் தப்பான பதில் சொன்னேன். அதைவிட, பெரிய வீட்டுக்காரருக்கு அன்றே தெரியும் என்பதுதான் உறுத்தியது. முப்பது வருஷம் அந்தத் துப்பாக்கியை வெடித்த கை, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது.

மறுபடி அவரைத்தான் கேட்க வேண்டும். நானே போய்க் கேட்டேன். மறுத்தால் ஊர் பேசும் என்று அவருக்கும் தெரியும். வந்தார். வழி முழுவதும் சாமி பாட்டு வைத்துக்கொண்டு வந்தார்.

அன்று கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் தலையை நிமிர்த்தி, "மறுபடியுமா பாப்பா? எதுக்கு?" என்றார்.

"பன்னிக்கு."

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, காது கேக்கல."

"பன்னிக்கு!"

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் டப்பாவை மேசைமேல் வைத்துச் சிரித்தார். "மலைக்குப் போனா முதல் தரிசனம் வராகசாமிக்குதானே? நீ அவர உட்டுட்டு நேரா பெருமாள் கிட்ட ஓடிட்ட. அதான் அவர் திருப்பி இட்டுக்கினு வந்துட்டார்."

இந்தத் தடவை டப்பாவைத் திறந்து பார்த்தேன். கண்மை போல இருந்தது. குழலுக்கும் கிண்ணத்துக்கும் அது ஒன்றே போதும் என்றார் கடைக்காரர். வெள்ளைக்காரர்கள் இதற்காகவா அத்தனை மணிநேரம் பேசினார்கள்?

கனுமா அன்று பல்லக்கு ஏரிக்கரைக்கு வந்து நின்றது. நைனா வெள்ளை வேட்டியில் நின்றார். மருந்தைக் கிண்ணத்தில் வைக்கும் நேரத்தில் பெரிய வீட்டுக்காரர் குருக்களைப் பார்த்து, ஆனால் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "சாமி துப்பாக்கில பன்னி மருந்து போட்டிருக்காங்க. இது அபச்சாரம் இல்லியா?"

குருக்கள் பல்லக்கைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் நைனா, குனிந்த தலையை நிமிர்த்தாமல், கிண்ணத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமி வேட்டைக்குத்தானே ஐயா வந்துகீறாரு. எதிர்ல பன்னி வந்தா, வாணாம் நீ போன்னுவாரா?"

முதலில் சிரித்தவர் குருக்கள்தான். பிறகு பல்லக்குத் தூக்கிகள் சிரித்தார்கள். பல்லக்கே குலுங்கியது.

முதல் தடவை குதிரை விழுந்து ஒன்றும் நடக்கவில்லை. ஏரிப் பனி கல்லில் ஏறியிருந்தது. பெரிய வீட்டுக்காரர் "ஒண்ணு" என்று எண்ணினார். நைனா கல்லை வேட்டி முனையில் துடைத்தார், கிண்ணத்தில் புதுசாக ஒரு சிட்டிகை வைத்தார். இரண்டாவது தடவை, எண்ணுவதற்குப் பெரிய வீட்டுக்காரர் வாயைத் திறந்தபோதே வெடித்துவிட்டது. அக்கரைக் கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. என் காது அடைத்துக்கொண்டது.

வெடித்த வீட்டுக்கு முதல் தேங்காய். தர்மகர்த்தாதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். நைனா அதை அங்கேயே கல்லில் உடைத்து, முதல் சில்லை அவரிடமே நீட்டினார்.

நானாக இருந்தால் கொட்டாங்கச்சியைக் கொடுத்திருப்பேன்.