இழவு வீட்டில் போன என் தேர்தல்

மாகாண சபைத் தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று எங்கள் தோட்டத்தில் பேசத் தொடங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. இந்த முறை நிஜமாகவே வரும் போலிருக்கிறது. கேகாலை பஸ்ஸில் ஏறினால் இதே பேச்சுதான். யார் எந்தக் கட்சியில் கேட்கிறார், யார் யாருடைய காலை வாருகிறார் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டு ஆட்களுக்குச் சபைகளெல்லாம் திட்டுவதற்கு ஏற்பட்டவை. தெரு விளக்கு எரியாவிட்டால் பிரதேச சபையைத் திட்டுவோம். வாத்தியார் வராவிட்டால் மாகாண சபை. அரிசி விலை ஏறினால் பாராளுமன்றம். மற்ற எல்லாவற்றுக்கும் தோட்டத்துத் துரை இருக்கிறார்.

நானும் ஒரு காலத்தில் வேட்பாளர்தான். சிரிக்க வேண்டாம். பிரதேச சபைக்கு, எங்கள் வட்டாரத்தில், இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தில் நின்றேன்.

பெண்கள் இத்தனை பேர் பட்டியலில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ஆள் தேடி அலைந்த ஒரு சுயேச்சைக் குழு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அப்போது பிள்ளைக்காம்பரா ஆயா. அம்மாமார் விடியற்காலையில் றப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். வாக்காளர் இடாப்பை, அதுதான் பெயர்ப் பட்டியலை, கொண்டுவந்து காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்துப் பக்கங்களில் பாதிப்பேர் நான் மூக்குத் துடைத்துவிட்டவர்கள். யார் தொட்டிலில் கட்டை விரல் சூப்பினான், யார் நாலு வயதுவரை பால்மாப் போத்தலை விடவில்லை என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். "ஆயம்மா, ஓட்டுப் போடலேன்னா எல்லாத்தையும் வெளிய சொல்லிருவீங்க போல இருக்கே" என்று பையன்கள் கேலி பண்ணுவார்கள். "சொல்லத்தான் போறேன், பயந்துக்கிட்டுப் போடுங்க" என்பேன்.

ஆனால் விளையாட்டுக்காக நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு ஒரு பாலம் வேண்டியிருந்தது. லயத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதைக் கடக்க ஒரு தென்னங்குற்றி. மழை பெய்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் சபரகமுவ மாகாணத்தில் மழை பெய்யாத மாதத்தைக் கையைக் காட்டிச் சொல்லுங்கள் பார்க்கலாம். நான் வளர்த்து அனுப்பிய பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டு அதே பால் வாளியைத் தூக்குவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். சபையில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்தால் அந்தப் பாலம் வரும் என்று நான் மனதார நம்பினேன்.

அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்ந்துவிடுகிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் இருந்ததில்லை. கீழே சிங்களக் கிராமத்தில் வீடு வீடாகப் போனோம். என் சிங்களம் சந்தைச் சிங்களம். காய்கறி பேரம் பேச உதவும், அரசியலுக்கு எட்டாது. இருந்தாலும் "பாலமக் ஓன, ளமய்ன்ட்ட", பாலம் வேண்டும், பிள்ளைகளுக்கு, என்று சொன்னால் போதும், அந்த வீட்டு அம்மாமாருக்கு விளங்கிவிடும். அவர்கள் பிள்ளைகளும் அந்த ஓடையில் நனைகிறவர்கள்தானே. ஒரு வீட்டிலும் வெறும் வாயோடு அனுப்பவில்லை. பாலில்லாத சாயத்தண்ணியைக் கித்துள் கருப்பட்டியோடு குடித்துக் குடித்து எனக்குச் சர்க்கரை வியாதி வராதது ஆண்டவன் புண்ணியம்.

எதிரில் யார் தெரியுமா? எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அதே லயத்தில் என் காம்பராவுக்கு நாலு அறை தள்ளி இருப்பவர். பெரிய கட்சி அவரை நிறுத்தியிருந்தது. நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். தேர்தல் வந்ததும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீலியில் தண்ணீர் பிடித்தோம். மூன்றாவது ஆள் கடை வீதியில் மரம், பலகை விற்கும் மரக்காலை வைத்திருந்த முதலாளி. தோட்டத்து வாக்கு இரண்டாகப் பிரிந்தால் முதலாளிக்குத்தான் வாய்ப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கடைசி வாரத்தில் சனங்கள் தாங்களாகவே ஒரு பக்கம் சாய ஆரம்பித்தார்கள். என் பக்கம்.

வாக்களிப்புக்கு முதல் நாள் சாயங்காலம் தலைவருடைய அம்மா இறந்துபோனார். வயதான மனுஷி, நல்ல சாவு. இருந்தாலும் சாவு சாவுதானே. தோட்டத்தில் ஓர் இழவு விழுந்தால் யாரும் வேலைக்குப் போவதில்லை, லயத்தில் அடுப்பு எரியாது, பிரேதம் எடுக்கும்வரை ஒருவரும் நகர மாட்டார்கள். கட்சி, சண்டை, முகத்திருப்பல் எல்லாம் வாசலுக்கு வெளியே. நானும் போய் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதேன். பொய் அழுகை இல்லை. அந்த மனுஷி எனக்குப் பிரசவம் பார்த்தவர்.

மறுநாள் பதினொரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. எடுத்து முடித்து, குளித்துவிட்டு எல்லாரும் இறங்கிப் போய் வாக்குப் போடலாம். பள்ளிக்கூடத்தில் நாலு மணிவரை வாக்களிப்பு. நேரம் தாராளமாக இருந்தது. நான் மட்டும் விடிந்ததும், "குளிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். குளிக்கவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக நின்று எனக்கு நானே புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். ஓர் ஆசை, வேறென்ன? திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் இடது கைச் சுண்டுவிரலைப் பார்த்தேன். மை பளிச்சென்று இருந்தது. பிரேதத்தைப் போட்டுவிட்டு வாக்குப் போடப் போனவள் என்று நாலு பேர் பேசினால் என்னாவது? கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பதினொரு மணி ஆயிற்று. எடுக்கவில்லை. தலைவர் வாசலில் நின்றுகொண்டு, "எம்பிலிப்பிட்டியவுல இருந்து கூடப்பொறந்த தங்கச்சி வருது. ஆத்தா மொகத்தப் பாக்காம எப்புடி எடுக்குறது?" என்றார். நியாயம்தானே. பன்னிரண்டானது. "பஸ்ஸு லேட்டாம்" என்றார். ஒன்றானது. "இந்தா வந்துரும்." பையன்கள் கைபேசியில் நேரம் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒருத்தன் பக்கத்தில் வந்து குனிந்து, "ஆயம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, பத்துப் பத்துப் பேராப் போய்ப் போட்டுட்டு வந்துர்றோம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சொல்லவில்லை. சொன்னால் எல்லார் கண்ணும் என் மேல் திரும்பும், கையைப் பார்ப்பார்கள். "செத்த வீட்டுல என்னாடா ஓட்டு? பேசாம உட்காரு" என்று அவனை அதட்டினேன். அதட்டல் சுற்றியிருந்தவர்கள் காதில் விழுந்தது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். மனுஷி என்றால் இவள்தான் மனுஷி என்ற பார்வை. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை இப்போது ஒளிப்பானேன்?

தங்கச்சி வரவே இல்லை. இரண்டரைக்குத்தான் பிரேதம் வெளியேறியது. ஆண்கள் மயானத்துக்குப் போனார்கள், பெண்கள் வீடு கழுவினோம், பீலியில் குளித்தோம், நான் சுண்டுவிரலில் துணி சுற்றிக்கொண்டேன். எல்லாரும் சேர்ந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. பிறகு ஓட்டம்தான். பாழாய்ப்போன தென்னங்குற்றியில் இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. ஒருவர் பின் ஒருவராக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயசானவர்களைக் கைபிடித்து இறக்கி, பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. ஈரத் தலையோடு தோட்டமே ரோட்டில் நின்றது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரப் பையன் பாவம், அவனுக்கே கஷ்டமாகிவிட்டது. "வெலாவ இவரய் அம்மே" என்றான். நேரம் முடிந்துவிட்டதாம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முதலாளி வென்றார். நான் பத்தொன்பது வாக்கில் தோற்றேன். கேட்டுக்கு வெளியே அதைப்போல பல மடங்கு பேர் நின்றிருந்தார்கள்.

அழுதேனா என்றால், அழுதேன். ஆனால் ஊர் என்னை அழ விடவில்லை. "பதவியவிட ஒரு பொணத்துக்குக் குடுத்த மரியாத பெருசுன்னு நெனச்ச மனுஷி" என்று லயம் முழுக்கப் பேச்சு. மாவனல்லையில் சாமான் வாங்கும் கடையில்கூட, "ஒங்களப் பத்திக் கேள்விப்பட்டோம்" என்று கடைக்காரர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். கல்யாண வீடுகளில் முதல் பந்தி. அந்தப் பெயரைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். பாலம் இன்னும் வரவில்லை. குற்றி மட்டும் மூன்று முறை மாறிவிட்டது.

போன வாரம் தலைவர் என் காம்பராவுக்கு வந்தார். முடியெல்லாம் கொட்டி, மனுஷன் பாதியாக இளைத்துப்போயிருந்தார். கையில் ஒரு படிவம்.

"மாகாண சபைப் பட்டியலுக்கு ஒரு பொம்பள வேணுமாம். ஒன் பேரச் சொல்லிட்டு வந்திருக்கேன், தங்கச்சி. வேல பூரா நான் பாக்குறேன்."

"என்னாண்ணே, திடீர்னு என் மேல இவ்வளவு பாசம்?"

அவர் படிவத்தை என் மடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு எம்பிலிப்பிட்டியத் தங்கச்சி காலையிலயே போன் பண்ணிருச்சு, வர முடியாது, நீங்க எடுத்துருங்கண்ணேன்னு. நான்தான் யாருகிட்டயும் சொல்லல. தோக்கப்போறேன்னு தெரிஞ்சிருச்சு. என் பொஞ்சாதியே ஒனக்குத்தான் போடப்போறான்னு தெரிஞ்சிருச்சு. சனம் மேலயே இருந்தா நீயும் ஜெயிக்க மாட்டேன்னு நெனச்சேன். பெத்த ஆத்தாவ வாசல்ல போட்டு வச்சுக்கிட்டு..."

அடப்பாவி! எழுந்து கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், கை அவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்ற ஒவ்வொரு முகமும் கண் முன்னால் வந்து நின்றது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

திட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு என் கதையும் நினைவுக்கு வந்தது. அந்த மனுஷன் சொல்லிவிட்டான். நான்? இத்தனை வருடமாக முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்.

"நீங்க வாசல்ல நின்னு சனத்தப் புடிச்சு வச்சீங்க" என்றேன். "நான் உள்ள உட்கார்ந்து புடிச்சு வச்சேன்." விடியற்காலையில் போனதையும், முந்தானைக்குள் கையை ஒளித்ததையும், கேட்க வந்த பையனை அதட்டியதையும் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "ஆத்தாவுக்கு நீதான் ஒப்பாரி வச்ச" என்றார், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் கிழடு தட்டிய காலத்தில் உட்கார்ந்து அந்த மனுஷிக்காக மறுபடியும் அழுதோம்.

பிறகு பேனாவைக் கேட்டேன். கையெழுத்துப் போட்டேன். படிவத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னேன்.

"அண்ணே, தேர்தலன்னைக்கு நானே செத்துக் கெடந்தாலும் சரி. எல்லாரும் போய் ஓட்டப் போட்டுட்டு வாங்க. அப்புறம் வந்து என்னையத் தூக்குங்க."