படியடியில் ஒரு ஜோடி செருப்பு

எழுபதுகளில் துபாயில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரிப்பது என் வேலை. பக்கத்து ஊரான அஜ்மானில் ஒரு வாடகைக் கட்டடத்தின் படியில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்ததாகக் குடியிருந்தவர் ஒருவர் சொன்னார். படி எப்போதும் காய்ந்தே இருக்கும் என்றார் கட்டடக்காரர். வாட்ச்மேனுக்கு விசா கொடுத்த கஃபீலும் அவர்தான்; நினைத்தால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம்.

வாட்ச்மேன் சிவகங்கைப் பக்கத்து ஆள். ஒல்லி, நரைத்த மீசை. "படியில ஈரமே கெடையாது சார்" என்று ஒப்பித்துவிட்டு, செருப்பைக் கீழே கழற்றி வைத்து என்னை மேலே அழைத்துப் போனார்.

"செருப்பை ஏன் கழட்டுனீங்க?"

"ஏசி தண்ணி சொட்டும் சார், வழுக்கி விட்ரும்."

சொன்னபின் கீழே கிடந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எழுதிக்கங்க சார். விழுந்தவரு பொய் சொல்லல" என்றார்.

எழுதினேன். அடுத்த மாதம் போனபோது வேறொரு வாட்ச்மேன் இருந்தார். விசாரிப்பதே தொழிலாக இருந்தும், பழையவர் எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.